பழைய டாட்சனும் மூன்றில் ஒரு பங்கும்



ஆசிரியர் அறையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி பாடத்திட்டம் பற்றியதன்று. "சார், உங்கள் பழைய டாட்சன் இப்போது என்ன விலைக்குப் போகும்?" என்பதே அக்கேள்வி. பத்தாண்டுகளுக்கு முன்னர், "ஏன் இந்தத் துருப்பிடித்த தகரத்தில் காசைக் கொட்டுகிறீர்கள்?" என்று கேட்டவர்களும் இதே நண்பர்கள்தாம். மகிழுந்து மாறவில்லை, அதன் விலைதான் மாறியது. விலை மாறியவுடன் கேள்வியும் மாறிவிட்டது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கும் அன்பர்கள் சிலருக்கேனும் பயன்படட்டும் என்று என் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். எதை வாங்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதோடு, விலை ஏறும்போது வந்து நிற்கும் ஒரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கு எந்த வழிகாட்டி நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

எந்த மகிழுந்து?

என்னுடையது டாட்சன் 260இசட். 1976-இல் பதிவு செய்யப்பட்டது. பின்னிருக்கையும் உள்ள வகை. ஜப்பானின் நிசான் நிறுவனம் 1969-இல் 'ஃபேர்லேடி இசட்' என்ற பெயரில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. வெளிநாடுகளில் அதற்கு டாட்சன் 240இசட் என்று பெயர். ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் 2,393 சிசி இயந்திரம், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கல் அமைப்பு, நீண்ட மூக்கு, சரிந்து இறங்கும் முதுகு. இத்தகைய வசதிகள் அக்காலத்தில் விலையுயர்ந்த ஐரோப்பிய மகிழுந்துகளில்தாம் இருந்தன. அமெரிக்காவில் 240இசட்டின் தொடக்க விலையோ 3,526 டாலர் மட்டுமே. அந்நாட்டில் டாட்சனை நிலைநிறுத்திய யுதாக்கா கத்தாயாமா, 'ஃபேர்லேடி' என்ற பெயர் அங்கு எடுபடாது என்று கருதி எண்ணையும் எழுத்தையுமே பெயராக்கினார். அவர் 2015-ஆம் ஆண்டு தமது 105-ஆவது வயதில் காலமானார்.

நம்மவர் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. உலகின் மிகக் கடுமையான பந்தயங்களில் ஒன்றாகக் கருதப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்தை 240இசட் இருமுறை வென்றது. 1971-இல் ஓட்டியவர் எட்கர் ஹெர்மன். 1973-இல் ஓட்டியவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா. சேற்றிலும் புழுதியிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வென்ற மகிழுந்து இது. அதன் இயந்திரம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

240-க்குப் பின் 1974-இல் 260 வந்தது. இயந்திரம் 2,565 சிசி ஆனது. குடும்பத்தார்க்காகப் பின்னிருக்கை உள்ள வகையும் அப்போதே வந்தது. அதற்காக முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையிலான நீளத்தை 30 சென்டிமீட்டர் கூட்டினார்கள். அழகு குறைந்துவிட்டது என்று சேகரிப்பாளர்கள் இவ்வகையை ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்டதால்தான் ஓர் ஆரம்பப்பள்ளி ஆசிரியரின் கைக்கு அது எட்டியது.

பேராக்கின் வடபகுதியில் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி ஒருவர் வீட்டுக் கொட்டகையில், மறைந்துபோன தம் அண்ணனின் நினைவாக அதை வைத்திருந்தார். பல ஆண்டுகளாக ஓடவில்லை. 2011-இல் 16,000 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். லாரியில் ஏற்றித்தான் தைப்பிங்கிற்குக் கொண்டுவர முடிந்தது.

விலை ஏன் ஏறியது?

2020 சனவரியில், அதிகம் ஓடாத 1971-ஆம் ஆண்டு 240இசட் ஒன்று அமெரிக்க இணைய ஏலத்தில் 310,000 டாலருக்கு விற்பனையானது. அதுவோர் அரிய வண்டி. எல்லா இசட்டும் அந்த விலைக்குப் போகும் என்று எண்ணுவது பேதைமை. ஆயினும் அன்றுமுதல் கொட்டகைகளில் கிடந்த வண்டிகளின் உரிமையாளர்கள்கூட விலையை இருமுறை யோசித்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

காரணங்கள் பல. முதலாவது, இளமையில் இந்த மகிழுந்தின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்தவர்கள் பிற்காலத்தில் அதை வாங்கும் வசதி பெற்றார்கள். அடுத்து, 'வாங்கான் மிட்நைட்' என்னும் ஜப்பானியப் படக்கதையும் அதையொட்டிய விளையாட்டு இயந்திரமும், இந்த வண்டியை நேரில் கண்டிராத இளைஞர்களையும் அதன் அன்பர்களாக்கின. நம் நாட்டுப் பேரங்காடிகளில் அந்த விளையாட்டின்முன் வரிசையில் நின்ற பிள்ளைகள் இன்று சம்பளக்காரர்கள். மூன்றாவதும் முதன்மையானதும் துரு. 1978 வரை இவ்வகை மகிழுந்துகள் ஐந்து லட்சத்திற்கும் மேல் விற்கப்பட்டன. மெல்லிய தகரத்தால் ஆனமையால் பெரும்பாலானவை மண்ணோடு மண்ணாகிவிட்டன. எஞ்சியவற்றுக்கு மதிப்புக் கூடியது. 240 எட்டாத உயரத்திற்குப் போனதும், வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட 260-ஐயும் தேடி வந்தார்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. இயந்திரத்தைவிட உடற்கூட்டையே முதலில் பாருங்கள். இயந்திரத்தைப் பிரித்துச் சேர்த்துவிடலாம், உதிரிப்பாகங்களும் கிடைக்கும். துருவேறிய உடற்கூடுதான் பணத்தை விழுங்கும்.

2. மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, புட்டிதான் இருக்கிறது. என் வண்டியில் பின் சக்கரத்திற்கு முன்னுள்ள வளைவில் காந்தம் வழுக்கிக்கொண்டே போனது.

3. மின்கலம் அமரும் தட்டு, கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டங்கள், தரையின் அடியில் நீளவாக்கில் ஓடும் மடிப்புச் சட்டங்கள், மாற்றுச் சக்கரம் வைக்கும் குழி, முன் கண்ணாடியின் அடிப்பகுதி ஆகிய இவ்வைந்து இடங்களிலும் கையை விட்டுப் பாருங்கள். மழைநீர் வடியும் துளைகள் இலைதழைகளால் அடைபட்டால் நீர் உள்ளேயே தங்கித் தகரத்தைத் தின்னும். தைப்பிங் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

4. உடற்கூட்டு எண்ணும் இயந்திர எண்ணும் கெரானில் உள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும். இந்த வண்டியில் உடற்கூட்டு எண், இயந்திர அறையின் பின்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும். எண் மாறியிருந்தால் சோதனையில் தேறாது. பெயர் மாற்றவும் இயலாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அத்தகைய வண்டியை விட்டுவிடுங்கள்.

5. கண்ணாடி ஓர ரப்பர், கதவுப்பிடி, விளக்கு வளையம் போன்ற சிறு பொருள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இல்லாத ஒரு சிறு பாகத்தை ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வரவழைக்க, பாகத்தின் விலையைவிட அஞ்சல் செலவு கூடுதலாவதுண்டு.

தகரமும் கைத்திறனும்

இயந்திர வேலையில் எனக்குச் சிறிது பழக்கம் உண்டு. விடுமுறை நாள்களில் தலைப்பகுதியைக் கழற்றி, அடைப்புகளை மாற்றி, எரிபொருள் குழாய்களையும் நிறுத்துக் கருவிகளையும் புதுப்பித்தேன். இரட்டைக் கார்புரேட்டர்களைச் சமன்செய்ய ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் வைத்துக் காற்றின் சீறலைக் கேட்க வேண்டும். இரண்டிலும் ஒரே சீறல் கேட்கும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். வகுப்பறையில் இருபது பிள்ளைகளின் குரலில் ஒருவனின் முணுமுணுப்பைக் கண்டுபிடிக்கும் காதுக்கு இது பெரிய வேலையன்று.

தகர வேலை அப்படிப்பட்டதன்று. அதற்குப் பிறவிக் கை வேண்டும். அத்தகைய கை வாய்த்த ஒருவர் எங்கள் ஊருக்கு வெளியே, வாடகை நிலத்தில் கூரை மட்டும் போட்ட பட்டறை ஒன்றை நடத்தி வந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் சீனர் ஒருவரின் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணே' என்பேன். அவருடைய மகன் என்னிடம் படித்தவன் என்பதால் அவர் என்னை 'சார்' என்றே அழைப்பார்.

வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "சார், இதுக்குக் கூலி போட்டா உங்களுக்குக் கட்டாது. கூலி போடாட்டி எனக்குக் கட்டாது."

அதன்பின் ஒரு வழி கண்டோம். வாங்கிய விலையும் பொருள்களின் செலவும் என்னுடையவை. அவர் வேலை செய்யும் ஒவ்வொரு நாளையும் 150 ரிங்கிட்டாகக் கணக்கில் எழுதிக்கொள்வது. வேலை முடிந்ததும் என் பணத்தையும் அவர் உழைப்பையும் கூட்டி, எந்த விகிதத்தில் நிற்கிறதோ அந்த விகிதத்தில் வண்டியில் இருவருக்கும் பங்கு. 2012-இல் இதை ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். அடுத்தடுத்த பக்கங்களில் நாளும் வேலையும் குறிக்கப்பட்டன.

அவர் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு கல்வி. பக்கச் சட்டத்தை அறுப்பதற்கு முன், கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்காக இரும்புக் குழாய்களைப் பற்றவைத்தார். அவ்வாறு முட்டுக் கொடுக்காமல் அறுத்தால் உடற்கூடு நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு என்றைக்கும் சரியாகப் பொருந்தாது. புதுத் தகரத்தைத் தொடர்ச்சியாகப் பற்றவைக்கவில்லை. இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றும் ஆறும்வரை காத்திருந்தார். சூடு ஓரிடத்தில் கூடினால் தகரம் நெளிந்துவிடும் என்றார். வளைவான பகுதிகளுக்கு, உள்ளே ஓர் இரும்புக் கட்டையைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வெளியே சிறு சுத்தியலால் தட்டினார். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்த்தே மேடு பள்ளம் சொன்னார்.

அவர் மகன் என் வகுப்பில் கணிதத்தில் பின்தங்கிய மாணவன். பின்னங்கள் அவனுக்குப் பிடிபட்டதே இல்லை. அதே பையன் தந்தையின் அருகில் அமர்ந்து, அட்டையில் அச்சு வெட்டி, அதைத் தகரத்தில் வைத்துக் கோடிழுத்தான். வெட்டிய துண்டு இடைவெளியில் அரை மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் அமர்ந்தது. பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கு அது சிந்திக்க வேண்டிய செய்தியாகப் பட்டது.

2017-இல் வேலை முடிந்தது. புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தோம். என் செலவு, வாங்கிய விலையும் சேர்த்து, 54,000 ரிங்கிட். அவருடைய நாள்கள் 180. அதாவது 27,000 ரிங்கிட். மொத்தம் 81,000. எனக்கு மூன்றில் இரண்டு, அவருக்கு மூன்றில் ஒன்று. அந்த ஆண்டில் அப்படியொரு வண்டியை 81,000-க்கு வாங்க யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வண்டியை நான் ஓட்டுவதால் சாலை வரியும் காப்புறுதியும் என் பொறுப்பு என்று முடிவாயிற்று.

விலை வந்து கதவைத் தட்டியபோது

2022-இல் கோலாலம்பூரைச் சேர்ந்த வணிகர் ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டு 135,000 ரிங்கிட் தருவதாகச் சொன்னார். அதே ஆண்டில் பட்டறை நிலத்தின் உரிமையாளர், அங்கே கடைவீடுகள் கட்டப்போவதாகக் கூறி ஆறு மாதத்தில் காலிசெய்யச் சொன்னார். வேறிடத்தில் சிறுதொழிற்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுக்க முன்பணம், மின்னிணைப்பு, கருவிகளை மாற்றும் செலவு எல்லாம் சேர்த்து அவருக்குப் பெருந்தொகை தேவைப்பட்டது. ஒரே காலத்தில் ஒருவர் உழைப்பால் உருவான வண்டியின் விலையும் ஏறியது. அவர் நின்று உழைத்த மண்ணின் விலையும் ஏறியது. முன்னதை எண்ணி மகிழ்ந்த எனக்குப் பின்னதும் அதே காற்றில் வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பின்பு, "சார், நீங்க வண்டிய விக்க வேணாம். உங்களுக்கு அதுமேல ஆசை, எனக்குத் தெரியும். என் கூலி இருபத்தேழாயிரம் வெள்ளி. அத மட்டும் கொடுத்திட்டா போதும், புஸ்தகத்தக் கிழிச்சிப் போட்டுடலாம்" என்றார்.

உள்ளபடியே அது எனக்கு உவப்பான பேச்சுத்தான். மகள் ஐந்தாம் படிவத்தில் இருந்தாள். மேற்படிப்புச் செலவு கண்முன் நின்றது. வணிகரின் விலைப்படி அவருடைய பங்கு 45,000. அவரே கேட்பதோ 27,000. இடையிலுள்ள 18,000-ஐ அவர் கேட்கவில்லை. இதில் வஞ்சனையும் இல்லை. அவர் மனமுவந்து சொன்னதுதான்.

என் மனைவி பயிற்சிப் புத்தகத்தை எடுத்து வந்து முதற்பக்கத்தை இருவருக்கும் படித்துக் காட்டினார். அதில் 'கூலி' என்ற சொல் எங்கும் இல்லை. 'பங்கு' என்றுதான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "வேலை நடக்கும்போது பட்டறையில வண்டி தீப்பிடிச்சி எரிஞ்சிருந்தா, அண்ணனுக்குக் கூலி கொடுத்திருப்பீங்களா?" என்று கேட்டார்.

கொடுத்திருக்க மாட்டேன். ஒப்பந்தப்படி என் பணமும் போயிருக்கும். அவர் உழைப்பும் போயிருக்கும். கூலிக்காரருக்கு அந்த இழப்பு இல்லை, பங்காளிக்கு உண்டு. ஐந்தாண்டுகள் இழப்பில் பங்கேற்றவருக்கு ஏற்றத்தில் பங்கில்லை என்று சொல்ல எந்தக் கணக்கிலும் இடமில்லை. மேலும், 27,000-லிருந்து 45,000 வரை உயர்ந்தது என் கெட்டிக்காரத்தனத்தாலும் அன்று; அவருடைய சுத்தியலாலும் அன்று. உலகில் எவரெவரோ ஆசைப்பட்டதால் வந்த உயர்வு அது. உரியவர் இல்லாமல் வந்த உயர்வை ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விகிதத்தில் பிரிப்பதைத் தவிர வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

வண்டியை விற்று 90,000-ஐ நான் எடுத்துக்கொண்டு 45,000-ஐ அவருக்குக் கொடுத்திருக்கலாம், அதுவும் முறையே. ஆனால், விற்க எனக்கு மனமில்லை. ஆகவே, கூட்டுறவுக் கழகத்தில் ஏழாண்டுத் தவணையில் கடன் பெற்று, 45,000 ரிங்கிட்டுக்கு அவர் பங்கை வாங்கிக்கொண்டேன். மகளின் படிப்பு தடைப்படவில்லை. குடும்பச் சுற்றுலாக்கள்தாம் சில ஆண்டுகளுக்குத் தள்ளிப்போயின. மனைவி இதை இன்றுவரை எனக்கு நினைவூட்டியதில்லை. நான்தான் அவருக்கு நினைவூட்டி நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் பணத்தைப் பெற்றுக்கொள்ள இரண்டு வாரங்கள் தயங்கினார். பெற்றுக்கொண்ட பின் வண்டியைச் சுற்றி வந்து, இடப்பக்கச் சட்டத்தில் சாயத்தின் அடியில் எழும்பியிருந்த சிறு கொப்புளத்தைக் காட்டினார். "இது என் வேல சார். முழுப் பங்கு வாங்கிட்டு ஓட்ட வண்டியக் கொடுக்கக் கூடாது" என்றார். புதிய தொழிற்கூடத்தில் முதல் வேலையாக அந்த இடத்தை அறுத்து மாற்றினார்கள். பற்றவைத்தவன் அவர் மகன்.

இறுதியாகச் சில சொற்கள்

பழைய மகிழுந்துகளின் அனைத்துலகச் சந்தை 2021, 2022-ஆம் ஆண்டுகளில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் தணிந்தது. அதே வணிகர் 2024-இல் 120,000-க்குமேல் தர இயலாது என்றார். "அப்படியானால் பங்கை அதிக விலைக்கு வாங்கிவிட்டீர்களே!" என்கிறார்கள் ஆசிரியர் அறை நண்பர்கள். பங்கின் விலை கைமாறிய நாளின் விலைதான். மறுநாள் ஏறினால் அது அவருக்கு இழப்பு என்று நான் சொல்லியிருக்கப் போவதில்லை. இறங்கியதை என் இழப்பு என்று இப்போது சொல்வது எப்படிப் பொருந்தும்?

எனவே, இத்துறையில் இறங்க நினைக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. விலை ஏறும் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள். விலை இறங்கினாலும் ஓட்டி மகிழக்கூடிய வண்டியை வாங்குங்கள். காப்புறுதி எடுக்கும்போது நிறுவனத்தோடு மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுத்தில் பெறுங்கள். இல்லையேல் விபத்து நேர்ந்தால் வெறும் பழைய வண்டியின் மதிப்புத்தான் கிடைக்கும். சாயத்தின் நிறத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிந்துவிடுங்கள். துரு வேலைக்கு நீங்கள் நினைக்கும் தொகையை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள்.

வேறொருவரின் உழைப்பைச் சேர்த்துக்கொள்வதாயின், அது கூலியா பங்கா என்பதை வண்டிக்கு மதிப்பே இல்லாத நாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள். அன்று எழுதுவதற்கு ஒரு பயிற்சிப் புத்தகமும் பேனாவும் போதும். விலை ஏறிய பின் எழுத உட்கார்ந்தால் இருவர் மனத்திலும் வேறு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வாண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பின்னம் கற்பித்தபோது இந்த 54,000-ஐயும் 27,000-ஐயும் கரும்பலகையில் எழுதிப் பங்கு பிரிக்கச் சொன்னேன். பெரும்பாலோர் சரியாகச் செய்தனர். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "ஐயா, விலை ஏறினாலும் பின்னம் மாறாதா?" என்று கேட்டாள். மாறாது என்று சொன்னேன்.